சங்கம் இருந்தபோது சிறை, சங்கம் போனபின் சட்டமன்றம்

தேசத்துரோகச் சட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கிற எவரும் கேதார்நாத் சிங் வழக்கைத் தாண்டிப் போக முடியாது. பீகார் அரசுக்கு எதிரான அந்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படித்தபோது, திலகர் பெயர் வந்தது, அதை எதிர்பார்த்திருந்தோம். எதிர்பாராமல் வந்தது இன்னொரு பெயர்: வாலஸ்-ஜான்சன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், பத்திரிகைக் கட்டுரை எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். எங்களில் சட்டம் படிக்கும் தோழர்களுக்குக்கூட அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தெரியவில்லை.

தேடிப் போனோம். கிடைத்தவர் ஒரு தொழிற்சங்கவாதி. சுங்கத் துறை ஊழியர், போர்க்கால எழுத்தர், கப்பல் தொழிலாளி, பத்திரிகையாளர், கைதி, நாடு கடத்தப்பட்டவர், கடைசியில் சட்டமன்ற உறுப்பினர். இத்தனையும் ஒரே ஆள். அவருடைய வாழ்க்கையை நாங்கள் இங்கே எழுதுவது, இன்னொரு மாவீரர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க இல்லை. இயக்கத்தில் இருக்கிற இளைஞர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு: 'அமைப்பு கட்டுவதா, பதவிக்குப் போவதா?' அந்தக் கேள்வியை இந்த மனிதரின் வாழ்க்கை நன்றாகத் தோலுரித்துக் காட்டுகிறது. அதனால்தான்.

வில்பர்ஃபோர்ஸ் கிராமத்துப் பிள்ளை

ஐசக் தியோபிலஸ் அகுன்னா வாலஸ்-ஜான்சன் 1894-இல் சியரா லியோனில், ஃப்ரீடவுன் நகரை ஒட்டிய வில்பர்ஃபோர்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. அம்மா மீன் விற்பவர். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்.

சியரா லியோனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்ததன் கனம் புரியாது. ஃப்ரீடவுன் என்பது அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மனிதர்களுக்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஊர். அடிமைக் கப்பல்களை மறித்துப் பிடித்து மீட்கப்பட்டவர்களும் பின்னர் அங்கேயே இறக்கிவிடப்பட்டார்கள். இவர்களின் வழிவந்தவர்களே கிரியோல் மக்கள். கிறிஸ்தவம், ஆங்கிலப் பள்ளி, அரசு வேலை, வக்கீல் தொழில், பத்திரிகை என்று முன்னேறிய சமூகம். அந்த நகரைச் சுற்றியிருந்த பெரிய உள்நாட்டை 1896-இல் பிரிட்டன் தன் பாதுகாப்பில் உள்ள பகுதியாக அறிவித்தது. அங்கே மெண்டே, டெம்னே போன்ற மக்கள். அவர்களைப் பாரம்பரியத் தலைவர்கள் வழியாக ஆண்டார்கள். நகரத்தில் பிறந்தவர் பிரிட்டிஷ் குடிமகர். உள்நாட்டில் பிறந்தவர் பிரிட்டனால் 'பாதுகாக்கப்பட்டவர்', அவ்வளவுதான். ஒரே நாட்டுக்குள் இரண்டு வகை மனிதர்கள், இரண்டு வகைச் சட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் பெயரால் உருவான அதே நாட்டின் உள்நாட்டில், வீட்டு அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1928 ஜனவரி 1-ஆம் தேதிதான். அதற்கு முந்தைய ஆண்டு, ஓடிப்போன அடிமையை எசமானர் பிடித்துக்கொள்ளலாம் என்று அங்குள்ள நீதிமன்றமே சொல்லியிருந்தது. அது வெளியே தெரிந்து மானம் போன பிறகே சட்டம் வந்தது.

இதைச் சாதியோடு சமமாக வைக்கிற அவசரம் எங்களுக்கு இல்லை. தீட்டு வேறு, இது வேறு. ஆனால் ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் ஒரு படி மேலே வந்ததும், கீழே நிற்கிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிற பழக்கம் நமக்குத் தெரியாததில்லை. படிக்கட்டு போல அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று பாபாசாகேப் விளக்கியதைப் படித்தவர்களுக்கு ஃப்ரீடவுன் சீக்கிரம் புரியும்.

வாலஸ்-ஜான்சன் 1913-இல் சுங்கத் துறையில் சேர்ந்தார். வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினார் என்று நீக்கப்பட்டார். பிறகு மீண்டும் வேலை கிடைத்தது. முதல் உலகப் போரில் சுமைதூக்கும் படைப்பிரிவில் எழுத்தராகப் போய் 1920 வரை வெளியூர்களில் இருந்தார். திரும்பி வந்து ஃப்ரீடவுன் நகராட்சியில் எழுத்தர். 1926-இல் அதுவும் போயிற்று. அப்புறம் கப்பல் வேலை. துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய அந்த ஆண்டுகளில், வெள்ளையர் ஒரு கூலிக்கும் கறுப்பர் வேறொரு கூலிக்கும் அதே கயிற்றை இழுப்பதைப் பார்த்தார்.

1930-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த கறுப்பினத் தொழிலாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்கு வேறொரு பெயரில் போனார். மாஸ்கோவிலும் மாற்றுப் பெயரில் படித்தார். நைஜீரியாவில் தொழிலாளர் சங்கம் கட்டினார், லாகோஸில் பத்திரிகை நடத்தினார். போலீஸ் நெருக்கியபோது 1933-இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பிரெஸ்டியாவில் செத்த 41 பேர்

1934 ஜூனில் கோல்ட் கோஸ்ட்டின் பிரெஸ்டியா தங்கச் சுரங்கத்தில் நடந்த விபத்தில் 41 தொழிலாளர்கள் செத்தார்கள். உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்காக வாலஸ்-ஜான்சன் நிதி திரட்டினார். அத்தோடு விடவில்லை. வேலை தேடி வந்த சுரங்கத் தொழிலாளி போல உருமாறிச் சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து, உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்தார். அந்த விவரங்களை லண்டனில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார். அங்கே கேள்வி எழுந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்காகத் தொடர்ந்து பேசினார்.

மலக்குழி மரணங்களின் பின்னால் போகிறவர்களுக்கு இந்த வேலையின் வரிசை நன்றாகத் தெரியும். முதலில் குடும்பம். அடுத்து இழப்பீடு. அடுத்து, உள்ளே உண்மையில் என்ன நடந்தது என்பதற்கான ஆதாரம். ஆதாரம் இல்லாத கோபத்தை அதிகாரி காப்பி குடித்துக்கொண்டே கேட்டு முடித்துவிடுவார். வாலஸ்-ஜான்சன் கோபத்தையும் வைத்திருந்தார், குறிப்பேட்டையும் வைத்திருந்தார்.

1935-இல் அக்ராவில் மேற்கு ஆப்பிரிக்க இளைஞர் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஸ்காட்ஸ்போரோவில் பொய்க் குற்றச்சாட்டில் கறுப்பின இளைஞர்கள் மரண தண்டனையின் நிழலில் இருந்தார்கள். அந்த இரண்டுக்கும் அக்ராவில் நிதி திரண்டது. தன் ஊர்ச் சுரங்கமும் தொலைதூரச் சிறையும் ஒரே விஷயம் என்று தெருவில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்வது அவருக்குக் கைவந்திருந்தது.

கடவுள் பற்றிய ஒரு கட்டுரை

1936 மே 15-ஆம் தேதி ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. ஆப்பிரிக்கருக்குக் கடவுள் உண்டா என்பதுதான் தலைப்பின் கேள்வி. ஐரோப்பியருக்கு ஒரு கடவுள் இருக்கிறார், அவர் பெயரால்தான் கட்டாய வேலையும் நாடு கடத்தலும் அடக்குமுறைச் சட்டங்களும் நடக்கின்றன என்று நையாண்டியாக எழுதியிருந்தார். இதழின் ஆசிரியர் நம்டி அசிகிவே, பின்னாளில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர்.

1934-இல் அங்கே புதிதாகக் கடுமையாக்கப்பட்டிருந்த தேசத்துரோகச் சட்டம் உடனே பாய்ந்தது. வாலஸ்-ஜான்சனுக்கு 50 பவுண்ட் அபராதம். அசிகிவே மேல்முறையீட்டில் விடுபட்டார். வாலஸ்-ஜான்சன் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனார். அவர் தரப்பு வாதம் எளிமையானது: வன்முறைக்குத் தூண்டாத வெறும் சொல் எப்படிக் குற்றமாகும்? பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. சட்டத்தின் வாசகத்தில் வன்முறைத் தூண்டல் என்ற நிபந்தனை இல்லை, ஆகவே அது தேவையில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் வேறொரு காரணத்துக்காக ஃப்ரீடவுனில் காவலில் இருந்தார்.

அந்த வழக்கு நம் ஊருக்கு வந்த பாதை இதுதான். 1942-இல் இந்தியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், நிஹரேந்து தத் மஜும்தார் வழக்கில், பொது அமைதி கெடுகிற தன்மை இருந்தால்தான் 124-ஏ பொருந்தும் என்று சொன்னது. 1947-இல் சதாசிவ் நாராயண் பாலேராவ் வழக்கில் பிரிவி கவுன்சில் அதைத் தவறு என்றது. அப்போது அது துணைக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று வாலஸ்-ஜான்சன் வழக்கு. சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1962-இல் மறுபடி கூட்டாட்சி நீதிமன்றத்தின் பக்கம் சாய்ந்து, சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதன் எல்லையைச் சுருக்கியது. 2022 மே மாதம் 124-ஏ நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 152-ஆவது பிரிவாக அதன் வாரிசு வந்து உட்கார்ந்திருக்கிறது.

அக்ராவில் ஒரு தொழிற்சங்கவாதியின் வாயை அடைக்க எழுதப்பட்ட வரி, நாக்பூரிலும் மதுரையிலும் வாயை அடைக்கும் வாதத்துக்கு உதவியது. பேரரசு அடக்குமுறையை ஓர் ஊரில் பழகி இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும். நாம் எதிர்ப்பை அப்படிக் கொண்டுபோகிறோமா என்பதுதான் கேள்வி.

ஃப்ரீடவுன், 1938

மேல்முறையீட்டுக்காக லண்டன் போன இடத்தில் ஜார்ஜ் பேட்மோர், சி.எல்.ஆர். ஜேம்ஸ், ஜோமோ கென்யாட்டா, ஏமி ஆஷ்வுட் கார்வி ஆகியோரோடு சேர்ந்து 1937-இல் சர்வதேச ஆப்பிரிக்கச் சேவை அமைப்பைத் தொடங்கி அதன் பொதுச் செயலாளரானார். பெரிய பெயர்கள், பெரிய நகரம். அங்கேயே இருந்திருக்கலாம். 1938 ஏப்ரலில் ஊர் திரும்பினார். கையோடு கொண்டுவந்த சுமார் 2,000 ஆப்பிரிக்கன் சென்டினல் இதழ்களைத் துறைமுகத்திலேயே சுங்க அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். 25 ஆண்டுகளுக்கு முன் அவரே வேலை பார்த்த அதே துறை!

அடுத்த மாதமே இளைஞர் லீக்கின் சியரா லியோன் கிளை பிறந்தது. அடுத்த பதினாறு மாதங்களில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

அதுவரை ஃப்ரீடவுன் அரசியல் என்பது கோட்டு போட்ட கனவான்களின் அரசியல். வக்கீல்களும் டாக்டர்களும் மனு எழுதுவார்கள், தூதுக்குழு போவார்கள், ஆளுநரோடு மரியாதையாக முரண்படுவார்கள். வாலஸ்-ஜான்சன் வில்பர்ஃபோர்ஸ் நினைவு மண்டபத்தில் கூட்டம் போட்டார். சந்தை வியாபாரிப் பெண்கள், துறைமுகக் கூலிகள், வேலையில்லாத இளைஞர்கள், எழுத்தர்கள் எல்லாரும் வந்தார்கள். கிரியோல் மட்டும் இல்லை, உள்நாட்டிலிருந்து பிழைக்க வந்த மக்களும் வந்தார்கள். நகரமும் உள்நாடும் ஒரே நாடு, எல்லாருக்கும் ஒரே உரிமை என்று லீக் சொன்னது. அதுவரை அப்படி யாரும் அந்த மண்டபத்திலிருந்து உரக்கச் சொன்னதில்லை.

ஒரே ஆண்டுக்குள் சங்கங்கள் வரிசையாக எழுந்தன. பொதுப்பணித் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், நிலக்கரி ஏற்றுபவர்கள், கடலோடிகள், ராணுவத் துறையின் கூலித் தொழிலாளர், உள்நாட்டு இரும்புச் சுரங்கத் தொழிலாளர். ஆப்பிரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற இதழ் வாரந்தோறும் அவர்களின் குறைகளை அச்சடித்தது. தொழிலாளர் நிலை பற்றி ஆளுநரும் லண்டனும் எழுதிக்கொண்ட ரகசியக் கடிதம் ஒன்றின் நகல் லீக்கிற்குக் கிடைத்தது. அதைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தார்கள். நம் கூலியைப் பற்றி இவர்கள் தமக்குள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களா என்று துறைமுகத் தொழிலாளி முதன்முறையாகத் தன் காதால் கேட்டார். எந்த உரைக்கும் இந்த வலிமை இல்லை.

1938 நவம்பரில் நகரசபைத் தேர்தல். சொத்துள்ளவருக்கே வாக்கு என்ற காலம். லீக்கின் உறுப்பினர்களில் பலருக்கு வாக்கே கிடையாது. ஆனாலும் லீக் நிறுத்திய 4 பேரும் வென்றார்கள். அவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ்-ஜான், 20 வயது ஆசிரியை. ஃப்ரீடவுன் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்.

அதே நவம்பர் 7-ஆம் தேதி பம்பாயில் என்ன நடந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, அண்ணலின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். மாமன்றத்தின் உள்ளே அவர் பேசினார், வெளியே ஆலைகள் நின்றன. இரண்டு ஊர்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒரே பேரரசின் கீழ், ஒரே மாதத்தில், இரண்டு துறைமுக நகரங்கள் ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தன: உள்ளே ஒலிக்கும் குரலுக்கு வெளியே நிற்கும் கூட்டம்தான் எடை.

ஆறு மசோதாக்கள்

1939 ஜனவரியில் ஃப்ரீடவுன் பீரங்கிப் படையின் ஆப்பிரிக்க வீரர்கள் கட்டளைக்குப் பணிய மறுத்தார்கள். அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள். அரசு பயந்துபோனது. ஆளுநர் டக்ளஸ் ஜார்டின் ஆறு மசோதாக்களைக் கொண்டுவந்தார். தேசத்துரோகம், விரும்பத்தகாத வெளியீடுகள், நாடு கடத்தல் பற்றி மூன்று. தொழிற்சங்கம், தொழிலாளர் இழப்பீடு, தகராறு விசாரணை பற்றி மூன்று.

இந்தச் சேர்க்கையை நிதானமாகப் பாருங்கள். ஒரு கையில் சங்கம் வைக்கும் உரிமை. மறு கையில் சங்கம் கட்டியவரைப் பிடிக்கும் விலங்கு. இரண்டும் ஒரே மூட்டையில் வந்தன. 1930-லேயே லண்டன் தன் குடியேற்றங்களுக்கு இதைச் சொல்லியிருந்தது: சங்கங்களைத் தடுக்க முடியாது, ஆகவே பதிவு செய்யவைத்து மேற்பார்வையில் வையுங்கள், இல்லாவிட்டால் அவை அதிருப்தியாளர்களின் கைக்குப் போகும். சியரா லியோனில் அந்த அதிருப்தியாளருக்குப் பெயர் இருந்தது.

1939 செப்டம்பர் 1. ஐரோப்பாவில் போர் தொடங்கிய நாள். அன்றே ஃப்ரீடவுனில் வாலஸ்-ஜான்சன் கைது செய்யப்பட்டார். பிறகு, மாவட்ட ஆணையர் ஒருவரின் கசையடியால் ஒரு மனிதர் செத்தார் என்று ஆப்பிரிக்கன் ஸ்டாண்டர்டில் வந்த கட்டுரைக்காக அவதூறு வழக்குப் போட்டு, ஜூரி இல்லாமல் விசாரித்து, 12 மாதம் சிறை தந்தார்கள். தண்டனை முடிந்தும் விடவில்லை. ஷெர்ப்ரோ தீவுக்கு அனுப்பினார்கள். 1944-இல்தான் விடுதலை.

எங்கள் பணியில் ஒரு சிறு அனுபவம் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. தூய்மைப் பணியாளர்களின் நிலுவைக் கூலிக்காக ஒரு பேச்சுவார்த்தை. ஒப்பந்ததாரர் தரப்பு மிகவும் இனிமையாகப் பேசியது. கமிட்டி வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம், ஆனால் அந்த அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்றது. வீடு வீடாகப் போய் 200 பேரைச் சேர்த்தவர் அந்த அக்காதான். பணியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓர் அம்மா, அவர் வராத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று எழுந்துவிட்டார். கூலி பாதிதான் வந்தது. கமிட்டி பிழைத்தது. 1939-இன் ஆறு மசோதாக்களைப் படித்தபோது அந்த இனிமையான குரல்தான் எங்கள் காதில் கேட்டது. சங்கம் வேண்டுமா, எடுத்துக்கொள். அதைக் கட்டிய ஆளை எங்களிடம் விட்டுவிடு.

ஃப்ரீடவுனில் எழுந்து நிற்க நேரம் தரவில்லை. போர், அவசர நிலை, கைது என்று எல்லாம் ஒரே நாளில் வந்தன. லீக் ஒரு பெரும் குரலையும் ஒரு பெரும் ஆளையும் நம்பி இருந்தது. ஆள் போனதும் குரல் போயிற்று. அவர் இல்லாத ஐந்து ஆண்டுகளில், தொழிலாளர் துறையின் அறிவுரையோடு, பதிவுபெற்ற புதிய சங்கங்கள் வளர்ந்தன. கூலி பேசலாம், அரசியல் பேசக் கூடாது என்பது அவற்றின் எழுதாத விதி.

உறுப்பினர்

விடுதலையான மறு ஆண்டே லண்டனில் உலகத் தொழிற்சங்க மாநாட்டுக்குப் போனார். 1945 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த புகழ்பெற்ற ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலும் பேசினார். உலகம் அவரை மறக்கவில்லை. ஊரில் சங்கங்கள் வேறு கைகளில் இருந்தன.

புதிய அரசியல் சட்டத்தின்படி 1951-இல் தேர்தல். நகரப் பகுதிக்கு 7 இடம், உள்நாட்டுக்கு 14. உள்நாட்டின் இடங்கள் பாரம்பரியத் தலைவர்களின் கை ஓங்கியிருந்த மன்றங்கள் வழியாக நிரம்பின. மக்கள் நேராக வாக்களிக்கவில்லை. இதை எதிர்க்க நியாயமான காரணம் இருந்தது. ஆனால் எதிர்ப்பின் குரல் வந்தது கிரியோல் மேட்டிமையிலிருந்து: படிக்காத உள்நாட்டார் நம்மை ஆள்வதா? அந்தக் குரலின் கட்சி, டாக்டர் பாங்கோலே-பிரைட் தலைமையிலான தேசிய கவுன்சில். வாலஸ்-ஜான்சன் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது அந்தக் கட்சியின் சார்பில்.

1938-இல் நகரத்தையும் உள்நாட்டையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தவர், 1951-இல் உள்நாட்டைக் கண்டு அஞ்சுகிறவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னர் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். 1957-இலும் வென்றார், தீவிர ஜனநாயகக் கட்சி என்று தனிக் கட்சியும் தொடங்கினார். 1960-இல் லண்டன் சுதந்திரப் பேச்சுவார்த்தைக்குப் போன குழுவில் இருந்தார். நல்ல கேள்விகள் கேட்கிற, விலைபோகாத உறுப்பினர். ஆனால் 1938-இல் ஆளுநரைத் தூங்கவிடாத ஆள் அங்கே இல்லை.

இதைத் துரோகம் என்று எழுதி முடிப்பது சுலபம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. சங்கம் இருந்தவரை அவர் யாரோடு உட்கார வேண்டும் என்பதைச் சங்கம் முடிவுசெய்தது. நிலக்கரி சுமப்பவரும் இரும்பு தோண்டுபவரும் ஒரே சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, கிரியோலா உள்நாட்டாரா என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடும். சங்கம் உடைந்த பிறகு மிஞ்சியது தொகுதி. தொகுதி என்பது பிறப்பாலும் ஊராலும் அமைந்த கூட்டம். அதன் அச்சங்களைத்தான் உறுப்பினர் சுமக்க வேண்டியிருந்தது. ஆள் மாறியதை விட, அவர் காலடியில் இருந்த தரை மாறியதுதான் பெரிய மாற்றம்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொருவர் போனார். மரம்பா இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1943-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கண்டவர்களில் ஒருவரான சியாக்கா ஸ்டீவன்ஸ். சங்கத்திலிருந்து நேராகச் சட்டமன்றம், அங்கிருந்து அமைச்சரவை. 1955 பிப்ரவரியில் ஃப்ரீடவுன் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் அவர்தான். பின்னாளில் நாட்டின் தலைவரானார். 1978-இல் ஒரே கட்சி ஆட்சி. 1981-இல் தொழிலாளர் காங்கிரஸ் வேலைநிறுத்தம் அறிவித்தபோது அவசர நிலையைப் போட்டுச் சங்கத் தலைவர்களை உள்ளே தள்ளினார்.

ஒருவர் சங்கத்தை இழந்து சட்டமன்றம் போனார், கை வெறுமையாக இருந்தது. ஒருவர் சங்கத்தை ஏணியாக்கிச் சட்டமன்றம் போனார், மேலே போனதும் ஏணியை உதைத்தார். வாலஸ்-ஜான்சன் அந்த இரண்டாவது கதையின் முடிவைப் பார்க்கவில்லை. 1965 மே 10-ஆம் தேதி, ஆப்பிரிக்க-ஆசிய ஒருமைப்பாட்டு மாநாட்டுக்காகக் கானா போயிருந்தபோது கார் விபத்தில் இறந்தார்.

இதை ஏன் நாம் படிக்க வேண்டும்

'தேர்தலில் நிற்கலாமா அக்கா?' என்று கேட்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. தனித்தொகுதியும் ஒதுக்கப்பட்ட வார்டும் சும்மா கிடைத்தவை இல்லை. புனா ஒப்பந்தத்தின் காயம் அதில் இருக்கிறது. நாம் விட்டுவைக்கும் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதும் தெரியும்.

நாங்கள் திருப்பிக் கேட்கிற கேள்விகள் வேறு. நீங்கள் ஜெயித்த மறுநாள், உங்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கும் கூட்டம் எது? உங்கள் உள்சாதியைத் தாண்டிய ஆட்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா? பறையரும் அருந்ததியரும் பள்ளரும் ஒரே பாயில் உட்காரும் சங்கம் உங்கள் ஊரில் உண்டா, அல்லது தேர்தல் சுவரொட்டியில் மட்டும்தான் அந்த ஒற்றுமையா? நாளைக்கு உங்களைப் பிடித்து உள்ளே வைத்தால், அடுத்த வாரக் கூட்டத்தை நடத்தப்போகிற இரண்டு பேரின் பெயரை இப்போதே சொல்ல முடியுமா? அந்த இருவரில் ஒருவராவது பெண்ணா?

ஃப்ரீடவுனில் 1938-இல் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. 20 வயதில் வென்ற கான்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ்-ஜான் பின்னாளில் சந்தைப் பெண்களை மறுபடி அமைப்பாக்கினார், 1966-இல் நகர மேயரும் ஆனார். லீக்கிலிருந்து நீண்ட இழைகளில் அதுவும் ஒன்று. ஆனால் இழை வேறு, கயிறு வேறு.

சட்டத்தில் இடம் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். இடம் கிடைக்கிற அன்றுதான் அமைப்புக்கு இரண்டு மடங்கு வேலை. உங்கள் ஊரில் இந்த வாரம் கூட்டம் நடக்கவேண்டிய நாள் எது என்று பாருங்கள். நடத்துங்கள். நீங்கள் இல்லாமலும் அது நடக்கிறதா என்று அடுத்த மாதம் ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.

ஜெய் பீம்.